ஏழு லீவர் பூட்டு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமாகத்தான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ சாப்பிட்டீங்களா என்பாய், நான் ஆச்சு என்பேன், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். பதறாதே, எலும்பு முறியவில்லை, இடுப்பில் ஊமைக்காயம் மட்டும். எழுந்திருக்க முடியாமல் காலை ஏழிலிருந்து பத்தரை வரை தரையில் கிடந்தேன். பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. வாளியில் இருந்த விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடிகாலைத் துண்டு அடைத்துக்கொள்ள, குழாய்த் தண்ணீர் பெருகிக் கீழ் வீட்டு நர்ஸின் கூரையில் ஒழுகியிருக்கிறது. அவள் வந்து கதவைத் தட்டினாள். என் குரல் வாசல் வரை போகவில்லை. உடனே நான் விற்ற பூட்டுக் கடைக்கு ஓடிப்போய், கடையை வாங்கியவரை அழைத்து வந்தாள்.

அவர் வேலை தெரிந்த மனுஷன். கம்பி பூட்டுக்குள் போய்த் தடவுவது பழகிய என் காதுக்குக் கேட்டது. உள்ளே லீவர் தகடு ஒன்று எழும்பும், இரண்டாவது எழும்பும், மூன்றாவதும் எழும்பும், நாலாவதைத் தொட்டதும் எல்லாம் சரிந்துவிடும். நான் செய்த பூட்டு, அப்படித்தான் சரியும். நாற்பது வருஷத் தொழிலில் அதைப்போல இன்னொன்று நான் செய்ததில்லை. கடைசியில் கதவை அறுத்தார்கள். ஊர்க் கதவையெல்லாம் திறந்துவிட்டீங்க, உங்க கதவை இப்படியா அடைப்பீங்க என்று அவர் கேட்டார்.

இனிமேல் தனியாக இருப்பதற்குச் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறேன். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன், யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? சுவரில் கைப்பிடி வைத்தாயிற்று. கட்டிலை வாசல் பக்கம் இழுத்துப் போட்டேன், கூப்பிட்டால் படிக்கட்டுக்குக் கேட்கும். காலை எட்டு மணிக்குள் கைத்தடியால் தரையில் இரண்டு தட்டு தட்ட வேண்டும் என்று நர்ஸோடு ஒப்பந்தம். முதல் வாரமே மறந்துவிட்டேன். சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்தவள், என்ன பெரியவரே, எனக்கு மாரடைப்பு வரணுமா என்று திட்டித் தீர்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட திட்டு, நன்றாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். முதல் வரியில் நர்ஸின் பெயரை எழுதினேன். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. உன்னைக் கேட்காமல் உன் பெயரை எழுதக் கை வரவில்லை.

அம்மா போன பிறகு நீ அடிக்கடி சொல்லாமல் வருவாய். வந்ததும் என் துணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு, என்னோட வந்துடுங்கப்பா என்பாய். எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் செய்து மாட்டியதுதான் ஏழு லீவர் பூட்டு. அடுத்த முறை நீ வந்தபோது நான் வெளியே போயிருந்ததாகச் சொன்னேனே, அது பொய். உள்ளே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் பழைய சாவியை மூன்று தடவை திருப்பிப் பார்த்தாய். நீ அப்பா, அப்பா என்று கூப்பிட்டாய். வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிப் போனாய். நான் எழுந்திருக்கவில்லை. நீ வந்து ஆறு வருஷம் ஆகிறது. உனக்கு அன்றே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. நான் செய்தது தப்பும்மா.

புதுக் கதவு போட்டாயிற்று. ஏழு லீவருக்கு முன்னால் இருந்த பழைய பூட்டைப் பரணிலிருந்து எடுத்து, எண்ணெய் விட்டு, அதையே மாட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடம் போகிற நாளில் உனக்கென்று ஒரு சாவி வெட்டிக் கொடுத்தேனே, அது இப்போதும் திறக்கும். தூக்கி எறிந்திருந்தால் ஒரு வரி எழுது, வேறொன்று வெட்டி அனுப்புகிறேன். அந்த அளவுக்குக் கண் தெரிகிறது.

உன் வீடு நிறைந்து, நீ நல்லபடியாக இருக்க வேண்டும். எப்போதாவது வந்தால் மணி அடிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வீட்டில்தான் இருக்கும்
உன் அப்பா