முருங்கை நெற்றும் தங்கத்தாளும்

மார்கழி 19, சனி

பனி. ஏழு மணிக்கும் எதிர்வீட்டுத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கேலண்டர் சீசன் முடிந்துவிட்டதால் பிரஸ்ஸில் எனக்கு அரை நாள் வேலைதான். கட்டிங் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டுவிட்டு ஒரு மணிக்கு வீடு.

சாப்பிட உட்கார்ந்தபோது போன். சுந்தரி. பத்து மாதத்துக்கு அப்புறம் மகளின் குரல்.

"அப்பா, பொங்கலுக்கு நாங்க வாரோம். அவுக அம்மாவும் வாராக."

"சரி" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவளும் வைத்துவிட்டாள். சோறு ஆறிப்போனது.

சாத்தூர்ப் பையன். நம்ம ஆட்கள் இல்லை. மாசியில் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்கள். பத்திரிகையைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி டிவி மேல் வைத்தேன். போகவில்லை. அவள் அம்மா கமலா இருந்திருந்தால் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அவள் போய் மூன்று வருடம்.

இது சுந்தரிக்குத் தலைப் பொங்கல். வீடு இருக்கிற லட்சணம்:
முன்சுவரில் சுண்ணாம்பு உரிந்து மண் தெரிகிறது.
நிலையில் கமலா கடைசியாகக் கட்டிய மாவிலைத் தோரணம். இலை இல்லை, நூலும் காம்பும்தான்.
கொல்லை, காடு.
கூடத்தில் ஒரு பல்பு, ஒரு போட்டோ.

கமலா ஒவ்வொரு பொங்கலுக்கும் கொல்லையில் இருப்பதை வெட்டி என்னென்னவோ செய்து மாட்டுவாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

மார்கழி 20, ஞாயிறு

பெயிண்டர் இரண்டு பேரைக் கேட்டேன். "பொங்கல் கழிச்சு வாரேண்ணே." சுண்ணாம்பு வாங்கி நானே அடித்தேன். கண்ணில் தெறித்தது. பாதிச் சுவர் முடிந்தது.

மதியம் கொல்லை. செம்பருத்தி, மருதாணி, குரோட்டன்ஸ், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. வெட்டிக் கழித்துவிட்டேன். முருங்கையில் காய்ந்த நெற்றுகள் நிறைய. ஒன்றைப் பிளந்தால் மூன்று பட்டையாக விரிகிறது, உள்ளே வெள்ளைச் சிறகு வைத்த விதை. முப்பது வருடமாக இந்த மரத்துக் காயைத் தின்கிறேன், நெற்றைப் பிரித்துப் பார்த்தது இன்றுதான். மூன்று நெற்றை அடியில் சேர்த்துக் கட்டினால் ஒன்பது இதழ்ப் பூ.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். எம். புதுப்பட்டியில் பட்டாசு வேலை, ஞாயிறு லீவு.

"என்ன அண்ணாச்சி, காட்டை அழிக்கீக?"

"சுந்தரி வாரா. வீட்டைக் கொஞ்சம் சோடிக்கலாம்னு."

வெட்டிப்போட்ட கிளைகளைப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். "பத்து மாசமா புள்ளைய என்ன ஏதுன்னு கேக்கலை. இப்ப தோரணம் கட்டுனா சரியாப் போகுமா?"

போய்விட்டாள். நான் குப்பையைக் கூட்டினேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

மார்கழி 21, திங்கள்

பிரஸ். கழிவுச் சாக்கைக் கிளறினேன். தங்கத்தாள் ஓரங்கள், சிவப்பு ஆர்ட் பேப்பர், பச்சை அட்டை. தகரம் அடிக்கும் இடத்தில் வளைந்துபோன கேலண்டர் தகரப் பட்டைகள், மாட்டும் கொக்கியோடு.

முதலாளி மகன் பார்த்துவிட்டான். "என்னண்ணே, பழைய பேப்பர் யாவாரம் ஆரம்பிச்சிட்டீகளா?"

"வீட்டுக்குத் தம்பி. மக வாரா."

"சாக்கோட எடுத்துட்டுப் போங்க."

வேலை முடிந்த பிறகு மிஷினில் வைத்து ஓரங்களை இரண்டு விரல் அகலத்துக்குச் சீராக்கினேன். ஒரே இறக்கில் முந்நூறு பட்டை. வெட்டு வாயில் நூல் பிசிறில்லை. முப்பத்திரண்டு வருடம் இந்தக் கத்தியோடு. பத்து விரலும் முழுசாக இருக்கிறது. இந்த ஊரில் கட்டிங் வேலை பார்த்தவர்களில் எத்தனை பேர் அப்படிச் சொல்ல முடியும்.

சாயங்காலம் ஒட்டினேன். பட்டையை வளைத்து ஒட்டினால் இதழ். ஐந்து இதழ் ஒரு பூ. நூற்றிருபது பூ. நெற்றுப் பூவுக்குச் சிவப்புச் சாயம். காய்வதற்கு மாடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். படுக்கும்போது எனக்கே சிரிப்பு. கல்யாண வீடு மாதிரி இருந்தது.

மார்கழி 22, செவ்வாய்

எல்லாம் போச்சு.

பனியில் ஊறித் தாள் கூழாகிவிட்டது. சாயம் வடிந்து தங்கத்தாள் முழுக்கச் சிவப்பு. கீழே விழுந்ததில் எறும்பு மொய்த்துப் பசையைத் தின்கிறது. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வேலைக்குப் போகவில்லை.

பேச்சியம்மாள் பட்டாசு ஆலை வேனுக்குக் கிளம்பும் நேரம். மாடிக்கு வந்து பார்த்தாள்.

"வெடி காயப்போடுற ஊர்ல பொறந்துட்டு, மார்கழிப் பனியில காயிதத்தைத் தொங்கவிட்டிருக்கீகளே."

விழுந்த பூ ஒன்றை எடுத்து எறும்பைத் தட்டிவிட்டேன்.

"பசையில துத்தம் போட்டீகளா?"

"மைதா மட்டும்தான்."

"அதான் எறும்பு. கொஞ்சமா மயில்துத்தம் கலக்கணும். இதுக்கு மேல நீங்க தனியா ஒண்ணும் செய்ய வேண்டாம். அஞ்சு மணிக்கு வாரேன்."

வந்தாள். பொட்டலத்தில் துத்தம், ஒரு நூல்கண்டு. சும்மா பேசிக்கொண்டே பச்சை அட்டையைக் குழலாக உருட்டினாள். விரல் போவது கண்ணுக்குத் தெரியவில்லை. நான் ஒன்று உருட்டுவதற்குள் அவள் எட்டு.

"ஞாயித்துக்கிழமை நான் அப்படிக் கேட்டது தப்புன்னா மனசுல வச்சுக்காதீக" என்றாள்.

"தப்பில்லம்மா."

மார்கழி 25, வெள்ளி

வெயில் நல்ல வெயில். புதிதாக ஒட்டிய பூக்களைப் பகலில் மட்டும் வெளியே, நான்கு மணிக்கு உள்ளே. காய்ந்து கலகலவென்று சத்தம் போடுகின்றன.

லீவு போட்டு வெம்பக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போனேன். பருத்தி எடுத்து முடித்த காடு. பருத்தி மாரை, காய்ந்த செடியை வேரோடு, பிடுங்கிக் குவித்திருந்தார்கள். ஒவ்வொரு குச்சியிலும் வெடித்த கூடு நாலு மூலையாக விரிந்து நிற்கிறது. காட்டுக்காரரிடம் கேட்டேன்.

"அடுப்பெரிக்கவா?"

"அலங்காரத்துக்கு."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வேணும்ங்கிறதை எடுத்துக்கோங்க. குச்சி குத்தும்."

ஒரு கட்டு எடுத்தேன். கண்டக்டர், "பெரியவரே, இதை ஆர் மேலயும் இடிக்காமப் பிடிச்சுக்கோங்க" என்றார். ஒரு பெண்ணின் முந்தானையில் மாட்டிப் பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

மாரைச் சுண்ணாம்பில் முக்கி எடுத்தேன். காய்ந்ததும் பளீர் வெள்ளை. கூட்டுக்குள் பொட்டுப் போலத் தங்கத்தாள் ஒட்டி, பழைய குடத்தில் நட்டுவைத்தேன். கூடத்து மூலையே வேறு இடமாகிவிட்டது. ஒரு பல்பு போதும்.

மார்கழி 27, ஞாயிறு

தோரணம் முடிந்தது. கேலண்டர் தகரம்தான் முதுகெலும்பு. அதிலிருந்து பச்சைக் குழல், நெற்றுப் பூ, தங்க இதழ், மறுபடி குழல். பதினாறு சரம். மாவிலை மட்டும் அன்றைக்குப் பச்சையாகக் கோக்க வேண்டும்.

பேச்சியம்மாள் தள்ளி நின்று பார்த்தாள். "கடையில இப்படி இல்ல அண்ணாச்சி." அப்புறம், "புள்ளைக்குப் போன் போட்டீகளா?"

இல்லை.

பதினோரு மணிக்குப் போட்டேன்.

"அம்மா தோரணத்துல மாவிலையை மடிச்சுக் கோப்பாளா, நேரா கோப்பாளா?"

"மடிச்சு. ஈர்க்கு குத்தி. ஏம்ப்பா?"

"சும்மா கேட்டேன்."

"இதுக்கா போன் பண்ணுனீக?"

"இல்ல." நிறுத்தினேன். "சுந்தரி, மாசியில நான் வந்திருக்கணும். வராமப் போனது தப்பு."

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தைக்குக் கத்திரிக்கா ஒத்துக்காதுப்பா" என்றாள். "வேற எது வச்சாலும் சாப்பிடுவாக."

கத்தரிக்காய் வாங்கக் கூடாது. சிறுகிழங்கு, மொச்சை, பூசணி.

மார்கழி 30, புதன். போகி

வேப்பிலை, கண்ணுப்பிள்ளைப் பூ, ஆவாரம்பூ மூன்றையும் கட்டி வாசலிலும் கொல்லைக் கதவிலும் காப்பு. தோரணத்தை நிலையில் ஏற்றினேன். ஒரு பக்கம் இரண்டு முறை சரிந்தது. மூன்றாவது ஆணியில் நின்றது.

தெருவில் போகிறவர்கள் நிற்கிறார்கள். மேலத்தெரு மிக்சர் கடைக்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, "எந்த டெக்கரேசன் ஆளு?" என்றார். "நான்தான்" என்றேன். நம்பவில்லை. பேச்சியம்மாள் சாட்சி சொன்ன பிறகு, "நம்ம புதுக்கடை திறப்புக்கும் ஒண்ணு கட்டித் தாங்க" என்றார்.

ஐம்பத்தாறு வயதில் ஒரு ஆர்டர்.

தை 1, வியாழன்

ஒன்பது மணிக்கு ஆட்டோ. முதலில் அந்தப் பையன் இறங்கினான். ஒல்லி. கரும்புக் கட்டை இறக்கிவிட்டு என்னைப் பார்த்து, "வணக்கம் மாமா" என்றான். "வாங்க" என்றேன். சுந்தரி முகம் கொஞ்சம் பூசினாற்போல். அவன் அம்மா கடைசியாக இறங்கினார்.

அந்த அம்மா வாசலில் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. தோரணத்தையே பார்க்கிறார். நான் தண்ணீர்ச் செம்போடு நிற்கிறேன். குப்பையில் செய்ததென்று தெரிந்துவிட்டதோ.

"இது முருங்க நெத்தா?"

"ஆமா."

"எங்க வாங்குனீக?"

"வாங்கலம்மா. நான் செஞ்சது. பக்கத்து வீட்டம்மா கூட இருந்து செஞ்சாக."

உள்ளே வந்தவர் நேராகக் குடத்து மாரிடம் போனார். கூட்டை விரலால் தடவினார்.

"எட்டு வயசுல இருந்து பருத்தி எடுத்தேன் அண்ணே. இந்தக் கூடு கிழிச்ச தழும்பு பாருங்க." கையை விரித்துக் காட்டினார். "அம்புட்டு வருசத்துல ஒரு நாளும் இது அழகா இருக்கும்னு தோணலை."

பெரிய யாவாரக் குடும்பம் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாரையும் கேட்கவுமில்லை.

சுந்தரி கொல்லைக்குப் போனாள். கழித்த செம்பருத்தியில் துளிர் விட்டிருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். "மாவிலையை மடிச்சுத்தான் கோத்தேன்" என்றேன். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

"அஞ்சாம் மாசம்ப்பா. நேர்ல சொல்லணும்னு இருந்தேன்."

பால் பொங்கியது. பேச்சியம்மாள் குலவை போட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு புகை என்றேன். யாரும் நம்பவில்லை.

சாப்பிடும்போது சம்பந்தியம்மா: "பங்குனியில வளைகாப்பு. எங்க வீட்டுலதான். வாசல்ல இருந்து மணை வரைக்கும் நீங்கதான் சோடிக்கணும் அண்ணே. வெளி ஆளை நான் கூப்பிட மாட்டேன்."

"சரிம்மா" என்றேன். இந்தத் தடவை அதற்கு மேலும் வார்த்தை இருந்தது. நேரம் போவது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

தை 3, சனி

சாத்தூர். அவர்களோடு பஸ்ஸில் வந்தேன். முதல் தடவையாக அந்த வீட்டுக்குள். இரண்டு அறை, ஓட்டுக்கூரை, பின்னால் ஒரு கொடுக்காப்புளி மரம். கொடுக்காப்புளிச் சுருள் காய்ந்தால் சிவப்பாக நிற்கும். கட்டாயம் பயன்படுத்த வேண்டும்.

சம்பந்தியம்மா காபி கொடுத்துவிட்டு, "அளவெடுத்துக்கோங்க" என்றார்.

வாசல் அகலம் மூன்றரை அடி. கூடம் பதினொன்றுக்கு ஒன்பது. மணைக்குப் பின்சுவரில் ஒரு வளைவு, ஆறடி உயரம். ஜன்னல் இரண்டு. உத்தரத்தில் கொக்கி நாலு, ஒன்று துரு.

நான் நாற்காலியில் ஏறி நின்று அளவுகளைச் சொன்னேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது என் மாப்பிள்ளை.