பிரேக் கம்பியில் பாதி ஆணி

அன்பு மகனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் உன் தங்கையும் நன்றாக இருக்கிறோம், எனக்குக் கை நடுக்கம் கூடி, படிக்கக் கண்ணும் சரியாகத் தெரியாததால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். கொட்டகைக்குத் தகரம் மாற்றியாகிவிட்டது. உள்ளே கிடந்த பழைய டிராக்டரை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன், பழைய டிராக்டர்களைப் பிரித்துச் சரிசெய்து ஓடவைப்பது அவர்களுக்கு ஒரு பாடமாம். சனிக்கிழமைதோறும் ஐந்து பேர் வருகிறார்கள். எதைக் கழற்றினாலும் முதலில் போட்டோ எடுத்து, சீட்டு எழுதிக் கட்டித்தான் பெட்டியில் போடுகிறார்கள். உன் தங்கை முதல் வாரம் கதவுக்குப் பின்னால் நின்றாள், மூன்றாம் வாரம் கேட்பதற்கு முன்பே சரியான ஸ்பேனரை நீட்டினாள். "எங்க சாரை விட உனக்கு நல்லாத் தெரியுதே, நீ எந்த ஸ்கூல்டி" என்று ஒரு பெண் கேட்டதும் உள்ளே ஓடிவிட்டாள். அம்மா போனதோடு படிப்பு நின்றதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. இதை எழுதமாட்டேன் என்கிறாள், எழுது என்கிறேன்.

போன சனிக்கிழமை இன்ஜினைக் கிளப்பினார்கள். இருமி இருமிக் கிளம்பியது, அதே சத்தம். பிள்ளைகள் கைதட்டினார்கள், நான் என்னையறியாமல் கேட்டைத் திரும்பிப் பார்த்தேன். இந்தச் சத்தம் கேட்டால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே உன் அம்மா திறந்துவிட வருவாளே. கேட் சாத்தியே இருந்தது. உன் தங்கையும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இனியும் மறைக்க முடியவில்லை, சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் மேட்டில் இந்த டிராக்டரை நிறுத்திவிட்டு நீ இறங்கினாய், அது தானாக உருண்டு கேட்டருகே நின்ற உன் அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. நீ பிரேக்கைப் பூட்டவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நீயும் அதையே நம்பி மூன்றாம் மாதம் கிளம்பிப் போனாய். பிள்ளைகள் பிரித்தபோது மிதிக்கட்டையில் பூட்டு போட்டபடியே இருந்தது. நீ பூட்டியிருக்கிறாய். அடியில் பிரேக் கம்பியைக் கோக்கும் ஓட்டையில் இரும்புப் பின்னுக்குப் பதிலாக ஒடிந்த ஆணி ஒன்று பாதி நின்றது, அது ஒடிந்ததால்தான் பூட்டியும் பிரேக் பிடிக்கவில்லை. "எந்த மடையன் அங்கிள் இதப் போட்டது" என்று அந்தப் பெண் கேட்டாள், தெரியலம்மா என்றேன். அவள் 'ஆணி, பாதி' என்று சீட்டெழுதிக் கட்டினாள். அந்த மடையன் நான்தான். அந்த இரும்புப் பின் ஒருநாள் தொலைந்துபோனது, கடைக்குப் போகச் சோம்பல்பட்டு ஆணியை வளைத்துப் போட்டேன், அப்புறம் மாற்றலாம் என்று இருந்துவிட்டேன். எனக்கு அன்றைக்கே சந்தேகம், குனிந்து பார்க்கத்தான் பயந்தேன். உன்னைப் போகவும் விட்டேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. நீ எந்தக் குறையுமில்லாமல் நெடுநாள் இருக்கவேண்டும், உன் தலையில் இருந்தது இறங்கவேண்டும். எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் அடியில் ஒருமுறை குனிந்து பார்.

இப்படிக்கு,
உன் அப்பா

அண்ணா, இது நான். அப்பா சொன்னதில் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. அவர் தூங்கப் போய்விட்டார். பின் தொலைந்த அன்றைக்கு டப்பாவிலிருந்து ஓர் ஆணி கொண்டுவரச் சொன்னது என்னிடம்தான், அவருக்கு நினைவில்லை. பதிலில் இதை எழுதாதே, அவருக்கு நான்தான் படித்துக்காட்டவேண்டும். இருந்ததிலேயே தடிமனாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தேன்.