ஆடி மாத விற்பனை: ஒன்று

ஆடி 9, 09:10

இன்று ஒரு முடிவு எடுக்கப்பட்டது. மாதாந்திர வீட்டு விலை அறிக்கையில் இனிமேல் தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கங்கள் இருக்காது, ஒன்றே இருக்கும். மூன்று நாள் யோசித்தேன். குடியேற்றத்தின் ஆறாண்டு வரலாற்றில் இந்த அலுவலகம் செய்யும் இரண்டாவது சீர்திருத்தம் இது. காரணத்தையும் பதிகிறேன்: இரண்டாவது இலக்கத்தை மனிதர் யாரும் படித்ததில்லை. முதல் இலக்கத்தைப் படித்ததாகவும் தகவல் இல்லை.

இதைக் கண்டெடுப்பவருக்காக: இது செவ்வாய். நான்கு வளையங்கள், நாற்பத்தெட்டு வீடுகள், நூற்று அறுபது பேர். பெரும்பாலோர் திருச்செந்தூர்ப் பக்கத்து ஏவுதளத்தில் வேலை பார்த்துக் குடும்பத்தோடு வந்தவர்கள். நான் கு. நெல்லையப்பன், வீட்டுப் புள்ளிவிவர அலுவலர். மேலே சுற்றுப்பாதையில் கிடங்குக் கலம் நிற்கிறது. அதில் உதிரிப்பொருள்கள் உண்டு. உறைதூக்கத்தில் புதிய குடியேறிகளும் உண்டு. மாதம் ஒரு இறங்குகலம் வரும். அதில் எதை அனுப்புவது என்று கிடங்குக் கணினி என் அறிக்கையைப் படித்து முடிவு செய்யும். விலை இறங்கினால் இங்கே ஏதோ பழுது, உதிரிப்பொருள் வரும். விற்பனை ஏறினால் இடம் மக்களுக்குப் பிடித்திருக்கிறது. மேலும் மக்கள் வருவார்கள். மனிதர்கள் பொய் சொல்வார்கள், சந்தை சொல்லாது என்பது இதை வடிவமைத்தவர்களின் நம்பிக்கை. அவர்கள் பூமியில் வசிக்கிறார்கள்.

ஆடி 15, 11:32

பராமரிப்பு மெக்கானிக் சொரிமுத்து நாலாம் வளையத்திலிருந்து பேசினார்.

"அண்ணாச்சி, காத்து போவுது. சுவத்துல கைய வெச்சா இழுக்கு. அடைக்கிற பசை ரெண்டு டப்பா கெடக்கு. முப்பது வேணும்."

நாலாம் வளையத்தை மூடி ஒதுக்கிவிட முடியாது. எல்லா வளையங்களுக்கும் காற்று தரும் இயந்திரம் அங்கேதான் இருக்கிறது. சொரிமுத்துவின் கணக்குப்படி காற்று ஆவணி இருபது வரை வரும்.

முப்பது டப்பா பசை கேட்டுக் கிடங்குக்கு எழுதினேன். பதில் நான்கு நிமிடத்தில் வந்தது.

"பழுது என்பது குடியிருப்போரின் கருத்து. கருத்துகள் ஏற்கப்படுவதில்லை. நாலாம் வளையத்தின் விலை மாறவில்லை என்பதைக் கவனிக்கவும்."

ஆடி 16, 10:05

விலை மாறாததற்குக் காரணம் யாரும் விற்கவில்லை. யாரும் விற்காததற்குக் காரணம் ஆடி.

செவ்வாய்க்கு வந்த முதல் ஆண்டே பஞ்சாங்கக் கமிட்டி பன்னிரண்டு மாதங்களையும் இங்கத்திய ஆண்டின் நீளத்துக்கு இழுத்து அமைத்தது. ஆகவே ஆடிக்கு ஐம்பத்தேழு நாள். அந்த ஐம்பத்தேழு நாளும் ஒருவரும் வீடு வாங்கமாட்டார்கள், விற்கமாட்டார்கள், பால் காய்ச்சமாட்டார்கள். கிறிஸ்தவர்களும் அப்படித்தான், கேட்டால், விற்கிறவர்கள் ஆடி பார்க்கிறார்களே என்பார்கள். மற்ற மாதங்களில் சராசரி மூன்று விற்பனை. ஆடியில் ஆறு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒன்று. அதை வாங்கியவர் போபால்காரர்.

விற்பனை இல்லாவிட்டால் பழைய விலையே செல்லும் என்பது விதி. அறிக்கையில் "சந்தை நிலையானது" என்று அச்சாகும். குடியிருப்பே வெடித்துச் சிதறினாலும் அப்படித்தான் அச்சாகும். விதியைச் சரிபார்த்துவிட்டேன்.

ஆடி 22, 16:40

ஒரு வழி இருக்கிறது. ஒரு வீடாவது பாதி விலைக்கு விற்க வேண்டும். நாலாம் வளையத்தின் விலை விழும், கணினிக்குப் புரியும், பசை வரும். அங்கே சொரிமுத்துவின் வீடு நாற்பது லட்சம். இருபதுக்கு வாங்கிக்கொள்ளப் பள்ளி ஆசிரியை எஸ்தர் முன்வந்தார். பசை வந்ததும் திருப்பி எழுதிக் கொடுப்பதாக வாக்கும் தந்தார். அலுவலர் வீடு வாங்கக் கூடாது என்று விதி. இல்லாவிட்டால் நானே வாங்கியிருப்பேன்.

சொரிமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் பேச்சுப்பெட்டியில் வந்தார்.

"ஆடியில வீட்ட வித்தவ எவளாவது வெளங்கியிருக்காளா? சாவுறதுன்னா வீட்டுக்காரியா சாவுறேன். வாடகைக்காரியா சாவ மாட்டேன்."

பதினாறு நாள் ஆனது அவரைச் சம்மதிக்க வைக்க. எப்படிச் சம்மதித்தார் என்றால், மூன்றாம் வீட்டுக் கைக்குழந்தை மூச்சு வாங்குவதைச் சுவர் வழியே கேட்டார். இந்தப் பத்தியைப் பின்னால் சேர்க்கிறேன். ஆடி 38.

ஆடி 39, 12:15

விற்பனை பதிவாயிற்று. பத்திரத்தில் உள்ள விலை தானாகவே ஏறி அறிக்கை போயிற்று. இன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆடி 40, 09:02

கிடங்கின் பதில், முழுமையாக:

"ஆடி அறிக்கை பெறப்பட்டது. விலைப் பதிவு நீக்கப்பட்டது: சந்தை விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழ் உள்ளவை உறவினருக்குள் தரும் அன்பளிப்பாகக் கருதப்படும். விற்பனை எண்ணிக்கை ஏற்கப்பட்டது. மாதத்துக்குரிய வழக்கமான ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்த பின் விற்பனை: பதினெட்டு. குடியேற்ற வரலாற்றில் இதுவே உச்சம். வாழ்த்துகள்."

ஐந்தில் ஒரு பங்கா? பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். நான்கு லட்சம் என்று எழுதியிருந்தது. சொரிமுத்துவைக் கூப்பிட்டேன்.

"பின்ன? இருவது லச்சம்னு எழுதினா பத்திரச் செலவு யாரு குடுப்பா? ஊருல எவன் அண்ணாச்சி முழு வெலைய எழுதுனான்? இருவதுக்குத்தான் வித்தோம். டீச்சர் கையில எண்ணிக் குடுத்தாவ."

அவரைக் குறை சொல்ல முடியாது. என் அப்பாவும் அப்படித்தான் எழுதினார்.

பதினெட்டுக்கான விளக்கம்: ஆடியில் வழக்கமாக ஆறு ஆண்டுக்கு ஒரு வீடு விற்கும். மற்ற மாதம் மூன்று. ஆகவே ஆடி விற்பனையைப் பதினெட்டால் பெருக்க வேண்டும் என்று சூத்திரம். அந்தச் சூத்திரத்தைப் பரிந்துரைத்தது இந்த அலுவலகம். ஆண்டு இரண்டு. கையெழுத்து என்னுடையது. விலையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணிக்கைப் பத்தியைப் பார்க்கவில்லை.

ஆடி 40, 09:50

திருத்தம் கேட்டேன். உண்மையில் விற்றது ஒரே வீடு, அதுவும் உயிருக்குப் பயந்து விற்றது என்று எழுதினேன்.

"திருத்தங்கள் காலாண்டு முடிவில் பரிசீலிக்கப்படும். பயம் என்ற பத்தி படிவத்தில் இல்லை."

ஆடி 44, 15:20

இறங்குகலத்தில் வருவது எது என்று முடிவாகிவிட்டது. பசை இல்லை. பன்னிரண்டு குடும்பங்கள், நாற்பத்தெட்டு பேர். கலமே தரையில் விரிந்து ஐந்தாம் வளையமாகும். நம் காற்றோடு இணைந்துகொள்ளும்.

இறக்க வேண்டாம் என்று மூன்று முறை எழுதினேன். மூன்றாவதற்குப் பதில்: "தற்போதைய உரிமையாளர்கள் புதியவர்களை எதிர்ப்பது விலை உயரும் சந்தைகளில் இயல்பு."

எஸ்தர் பள்ளியை மூடிவிட்டார். பிள்ளைகள் பேசினால் காற்று கூடுதலாகச் செலவாகிறது என்று சொரிமுத்து சொன்னதால். இப்போது வளையங்களில் சத்தமே இல்லை.

ஆடி 49

நேரம் பார்க்கவில்லை. இரண்டு டப்பா பசையும் தீர்ந்தது. சொரிமுத்து சுவரில் மைதா மாவு காய்ச்சி ஒட்டுகிறார், போஸ்டர் ஒட்டுவது மாதிரி. சிரித்துக்கொண்டேதான் ஒட்டுகிறார். பேச்சியம்மாள் என்னோடு பேசுவதில்லை. எஸ்தர் வீட்டைத் திருப்பி எழுதிக் கொடுக்க வந்தார். வேண்டாம் என்று கெஞ்சினேன். அது இன்னொரு பதினெட்டு.

ஆடி 53, 13:07

இறங்கியது. தரை அதிர்ந்தது. நாலாம் வளையச் சுவரின் விரிசல் இப்போது என் கை நீளம். சொரிமுத்து அளந்து சொன்னார், என் கையை அவர் அளந்ததில்லை என்றாலும். காற்றுக் கணக்கை மறுபடி போட்டார். போட்டுவிட்டு என்னிடம் தரவில்லை, சுவரில் எழுதிவிட்டுப் போனார். நான் போய்ப் பார்த்து வந்தேன்.

எல்லா வீடுகளும் நிறைந்துவிட்டன. காலி வீடு: பூஜ்யம். காலி வீடு இல்லாவிட்டால் விற்பனை இல்லாமலே விலை ஏறும் என்பது இன்னொரு விதி. ஏறியது. கிடங்கு அடுத்த கலத்துக்கும் குடும்பங்களை எழுப்பத் தொடங்கிவிட்டது.

ஆடி 54, 10:30

புதியவர்களில் உலகம்மை என்ற பெண், ஐந்தாம் வளையம் ஏழாம் வீடு, அலுவலகத்தைத் தேடிப் பிடித்துப் பேசினார்.

"சார், வணக்கம். நீங்கதான் வீட்டு ஆபீசராமே. வீடு நல்லாருக்கு சார். ஜன்னல்கூட இருக்கு. பதினோரு வருசமா வாடகை வீட்லயே கெடந்தோம். எங்க வீட்டுக்காரரு தூங்கும்போதுகூட சாவிய கையிலயே வெச்சிருக்காரு. பக்கத்துல எல்லாரும் ஏன் சார் பேசவே மாட்டேங்குறாங்க? சரி, அது இருக்கட்டும். ஆடியில பால் காய்ச்சக் கூடாது. ஆவணியில மொத முகூர்த்தம் என்னைக்கு சார்?"

பஞ்சாங்கம் மேஜையில்தான் இருந்தது. பார்த்தேன். ஆவணி ஆறு என்று சொன்னேன். குறித்துக்கொண்டார். என்னையும் அழைத்தார். வருவதாகச் சொன்னேன்.

ஆடி 54, 10:41

வீட்டு விலைக் குறியீடு: 214.6. காலி வீடுகள்: 0. காற்று இருப்பு: ஆவணி 3 வரை.