உன் கேசட்டில் பனி பெய்தது

என் தோஸ்து ஏழுமலைக்கு, தயா எழுதுவது.

நீ போய் நாலு மாதமாகிறது. எண்ணூரில் உன் வீட்டு மொட்டைமாடியில் அனல்மின் நிலையச் சாம்பல் இன்னும் படிந்துகொண்டுதான் இருக்கிறது. உன் வீட்டுக்காரி கஸ்தூரி உன்னைப் போலவே துணியை நாலு உதறு உதறிவிட்டுத்தான் மடிக்கிறாள். உன் மகள் பவித்ரா பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நான் அதே திருவொற்றியூர், அதே மெக்கானிக் கடை. உன்னிடம் ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் காரியத்தன்று பந்தியில் உன்னைப் பற்றியே பேச்சு. "பனி ஏழுமலை மாதிரி ஒரு புளுகன இனிமே எங்க பாக்கப்போறோம்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம். பாசத்தில்தான்டா. ஆனால் பவித்ரா நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"சித்தப்பா, எங்கப்பா அப்டி இன்னா பொய் சொன்னாரு? எல்லாம் சிரிக்கிறாங்கோ."

இலையை மூடிவிட்டு எழுந்தேன். அந்தப் பெயரை உனக்கு வைத்தவன் நான்தானே? அவளிடம் கதையைச் சொன்னேன்.

ஏழாவது படிக்கும்போது நம்மிடம் இரண்டு வீடியோ கேம் பெட்டிகள். என்னுடையது, அண்ணன் கப்பலில் போய் சிங்கப்பூரில் வாங்கிவந்த ஒரிஜினல். உன்னுடையது, உன் நைனா வண்ணாரப்பேட்டையில் வாங்கித் தந்த டூப்ளிகேட். ரெண்டு பேர் துப்பாக்கியோடு காட்டுக்குள் ஓடுவார்களே, அந்த ஆட்டம் இரண்டிலும் இருந்தது. ஆனால் ஒரு பெட்டியின் கேசட் இன்னொன்றில் நுழையாது. அதனால் ஞாயிறுதோறும் உன் வீட்டில் ஒரு ரவுண்டு, என் வீட்டில் ஒரு ரவுண்டு ஆடி, எதில் என்ன வித்தியாசம் என்று நோட்டில் எழுதுவோம். "பாட்டு: தயா பொட்டியில் இழுவை. குண்டு: ரெண்டும் ஒண்ணு." எழுதுகிற உத்தியோகம் எனக்கு. எழுதியதே தீர்ப்பு.

ஒரு ஞாயிறு, ஐந்தாவது ஸ்டேஜில் நீ கத்தினாய்: "டேய் மாமு, இங்க பார்றா, பனி வுழுது!"

உன் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில் எதைப் போட்டாலும் புள்ளிதான். "பனியாம், பெரிய பனி! உங்க வூட்ல வேற இன்னாடா வுழும்? சாம்பலு! போய் டிவிய தொடைச்சிட்டு வா" என்றேன். நீ நிஜமாகவே துடைத்தாய். துடைத்துவிட்டு, "இப்பவும் வுழுதுடா" என்றாய். என் ஒரிஜினலில் இல்லாதது உன் டூப்ளிகேட்டில் எப்படி இருக்கும்? நோட்டில் எழுதினேன்: "பனி இல்லை. சாம்பல்." மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க "பனி ஏழுமலை" என்று பரப்பினேன். அந்தப் பெயர் உன் காரியம் வரை உன்னை விடவில்லை.

போன ஞாயிறு பவித்ரா பரணிலிருந்து உன் பெட்டியை என் வீட்டுக்கு எடுத்து வந்தாள். ஒரு ஒயரைப் பற்றவைத்து, கேசட்டை வாயால் ஊதிச் சொருகினேன். கலர் டிவியில் எழுந்து நின்றது, நம்பமாட்டாய். அவள் ஒரு ஆள், நான் ஒரு ஆள். "இன்னா சித்தப்பா, அதுக்குள்ள செத்துட்ட?" என்று உன் குரலிலேயே கேட்டாள். நாலு ஸ்டேஜ் தாண்டுவதற்குள் எனக்குக் கட்டைவிரல் போச்சு.

ஐந்தாவது வந்தது. பனி பெய்தது, ஏழுமலை. வெள்ளை வெள்ளையாக, நிதானமாக, அந்த ஸ்டேஜில் மட்டும். உடனே போனில் விசாரித்துப் பார்த்தேன். ஜப்பானில் முதலில் வந்த ஆட்டத்தில் பனி உண்டாம். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது எடுத்துவிட்டார்களாம். உன் டூப்ளிகேட் ஜப்பான்காரனைக் காப்பியடித்தது. நான் பீற்றிக்கொண்ட ஒரிஜினல்தான் குறைப்பட்டது.

"எங்கப்பா பொய் சொல்லல" என்றாள் பவித்ரா. அவ்வளவுதான் சொன்னாள். நான் அவள் முன்னால் அழுதுவிட்டேன்.

பெட்டிக்கு அடியில் நம் நோட்டு இருந்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலில் உன் கோழிக் கிறுக்கல்: "மொத ஸ்டேஜ்ல மரமும் ஆடுது. தயா கிட்ட சொல்ல வேணாம்."

மறுபடி முதல் ஸ்டேஜிலிருந்து போட்டோம். ஓடாமல், சுடாமல் சும்மா நின்று பார்த்தோம். எதிரிகள் சுட்டுத் தள்ளினார்கள், போகட்டும். பின்னால் மரங்கள் ஆடிக்கொண்டிருந்தன.

அதற்கப்புறம் எத்தனை வருஷம் ஒன்றாக டீ குடித்தோம், ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா? வேறு என்னவெல்லாம் என்னிடம் சொல்ல வேண்டாம் என்று விட்டாய்? போவதற்கு முன்னால் பத்து நாளாக நெஞ்சு வலித்ததாமே, அதைக்கூட கஸ்தூரி சொல்லித்தான் தெரியும். சிரிப்பேன் என்று பயந்தாயா?

என் தீர்ப்பை அடித்துவிட்டேன். கீழே எழுதியிருக்கிறேன்: "பனி உண்டு. மரமும் ஆடுது. எழுதினவன் தப்பு." வருகிற ஞாயிறு கடை வாசலில் டிவியை வைத்து, பந்தியில் சிரித்தவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைக்கப் போகிறேன். ஆடப்போவது பவித்ரா. இனி அவள் எதைக் காட்டி "பாரு சித்தப்பா" என்றாலும், முதலில் பார்ப்பேன். பிறகுதான் வாயைத் திறப்பேன். இது சத்தியம்.

உன் பொண்ணுக்குச் சித்தப்பா,
தயாளன்