நாலு என்றால் மூணு

மார்ச் 4

அன்புள்ள மாப்ளே,

உன் அத்தான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு பேனாவை மூடி வைத்தவனை மறுபடி எழுத வைத்த பெருமை உன்னையே சேரும். போன் போட்டால் வெட்டுகிறாய். கடிதத்தை வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு.

நீ கிளம்பிப் போன பிறகும் மேனேஜர் அந்தப் பேப்பரைப் பார்த்துப் படித்துக்கொண்டேதான் இருந்தார். கம்பெனி இனி ராலிப் பந்தயத்துக்குக் கார் தராது, டயர் தராது, நம் சட்டையில் பேர் போடவும் விடாது. "இனி நம் கவனம் குடும்பக் கார்களில்" என்று முடித்தார். பதினோரு வருஷம் நாம் சேற்றில் உருண்டதை ஒரே வரியில் கழுவி ஊற்றிவிட்டார். உன்னை ஷோரூமுக்கும் என்னை சர்வீஸ் சென்டருக்கும் மாற்றிய ஆர்டரை நீ மேஜையிலேயே விசிறிவிட்டுப் போனாய். நான் கையெழுத்துப் போட்டேன். கம்பெனி ஆள் வெளியில் ராலிக்குப் போகக் கூடாது என்று அதில் இருந்தது. தெரிந்துதான் போட்டேன். உன் அக்காவின் இடுப்பு ஆபரேஷன் கம்பெனி இன்சூரன்ஸில்தான் நடந்தாக வேண்டும்.

அடுத்தது சாவி விஷயம். யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை நம் ரசிகர் சங்கத்து ஆட்கள் நாற்பது பேர் கம்பெனி கேட்டுக்கு வந்து, நம் கம்பெனியில் வாங்கிய அவரவர் கார் சாவியைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டு நின்றார்கள். கோஷம் இல்லை, ஒன்றும் இல்லை. தலைவர் யார், நம் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்தான். கார் கூரை முழுக்கக் கம்பெனிச் சின்னத்தை வரைந்து வைத்திருப்பாரே, அதைப் பிளேடால் பாதி சுரண்டியிருந்தார். மீதியைச் சுரண்டக் கை வரவில்லையாம்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்குத் தெரிந்தவர்கள்தானே, திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்றார். நட்டு போல்ட்டு போடும் தட்டில் சாவிகளைப் பொறுக்கிக்கொண்டு, சர்வீஸ் சென்டர் புதுச் சட்டையோடு, ஒவ்வொருத்தர் கையிலும் கொடுத்தேன். ஒருத்தரும் திட்டவில்லை மாப்ளே. திட்டியிருந்தால் பதிலுக்குக் கேலி பண்ணித் தப்பித்திருப்பேன். கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் என் சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அளவு கச்சிதமா இருக்கே" என்றார்.

கோபத்தைச் சோற்றில் காட்டாதே. அக்கா கேட்கச் சொன்னாள்.

உன் அத்தான்


மார்ச் 9

கம்பெனி அத்தானுக்கு,

சாவித் தட்டுக் கதை உங்கள் கடிதத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. சிரிப்பு வரவில்லை.

என் பேரில் இருக்கும் பழைய காரை நான் விடுவதாக இல்லை. 28-ம் தேதி மலைக்காட்டு ராலிக்குப் பேர் கொடுத்தாயிற்று. சங்கத்தில் டயர் திரட்டுகிறார்கள். கதவில் இருந்த சின்னத்தின் மேல் கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளைப் படித்துச் சொல்லும் உங்கள் நேவிகேட்டர் சீட்டுக்குக் கல்லூரியில் கணக்குச் சொல்லித்தரும் வாத்தியார் வருகிறார். எழுதியிருப்பதை ஓர் எழுத்துப் பிசகாமல் படிப்பார்.

உங்கள் வளைவுப் புத்தகம் வேண்டும். பாதை போன வருஷத்துப் பாதையேதான். கொடுக்க மனமில்லை என்றால் அதையும் எழுதிவிடுங்கள், கம்பெனிக் காகிதத்திலேயே.

அக்காவுக்கு ஆபரேஷன் என்றைக்கு?

கார் ஓட்டுகிறவன்


மார்ச் 13

அன்புள்ள கோபக்கார மாப்ளே,

புத்தகம் இதோடு வருகிறது. உனக்குக் கொடுக்காமல் நான் என்ன தலைக்கு வைத்துப் படுக்கவா போகிறேன்? வருஷக்கணக்கில் பக்கத்திலேயே இருந்தும் நீ ஒரு நாள் அதைத் திறந்து பார்த்ததில்லை. "உங்க கோழிக் கிறுக்கலை நீங்களே வச்சுக்குங்க" என்பாய். இப்போது வாத்தியார் மிரளாமல் இருக்க விளக்கம் எழுதுகிறேன்.

வளைவுக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போட்டிருக்கிறேன். ஒன்று என்றால் கார் தன் முதுகைத் தானே பார்க்கிற மாதிரி மடங்கல். ஆறு என்றால் பேருக்குத்தான் வளைவு, கண்ணை மூடிக்கொண்டு போகலாம். மற்றதெல்லாம் படம். தொப்பை வரைந்திருந்தால் வளைவு போகப்போக அகலும். கழுத்தை நெரிக்கிற கை என்றால் குறுகும். முழி பிதுங்கிய முகம் என்றால் ஓரத்தில் பள்ளம். உன் மூஞ்சி இருந்தால் அந்த இடத்தில் நீ என்னைத் திட்டினாய் என்று அர்த்தம். அது வாத்தியாருக்கு வேண்டாம்.

உன் பெல்ட்டில் இடது கொக்கி சில நேரம் மாட்டின மாதிரி ஏமாற்றும். இரண்டு தடவை இழுத்துப் பார்.

ஆபரேஷன் 27-ம் தேதி. நான் இங்கேதான் இருப்பேன், சட்டை மாட்டினாலும் மாட்டாவிட்டாலும்.

உன் அத்தான்


மார்ச் 24

அத்தானுக்கு,

மலைக்கு வந்துவிட்டோம். நேற்றுப் பாதையை இரண்டு முறை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். அவ்வளவுதான் அனுமதி. வாத்தியார் செய்தி வாசிப்பது போலப் படிக்கிறார். உங்களைப் போல நடுவில் தும்முவதில்லை.

ஒரே ஒரு சந்தேகம். தண்ணீர்த் தொட்டி வளைவுக்குப் புத்தகத்தில் நாலு என்று இருக்கிறது. நீங்கள் வருஷா வருஷம் மூணு என்றுதானே கத்துவீர்கள்? வாத்தியார் இறங்கி நடந்து பார்த்துவிட்டு நாலுதான் சரி என்கிறார். உங்களுக்கு வயசாகிவிட்டது. கண்ணாடிக் கடைக்காரரிடம் ஒரு தடவை கண்ணைக் காட்டுங்கள்.

இங்கே டவர் கிடையாது. இதைச் சங்கத்து ஆள் ஒருவர் கீழே கொண்டுவருகிறார். டயர் லாரி 27-ம் தேதி மதியம் அங்கிருந்து புறப்படுகிறது. அக்கா ஏதாவது எழுதினால் அதில் கொடுத்தனுப்புங்கள்.

கார் ஓட்டுகிறவன்


மார்ச் 27, ஆஸ்பத்திரி

மாப்ளே,

இதில் கிண்டல் இல்லை. முழுசாகப் படி. உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. லாரி எஞ்சினை அணைக்காமல் வாசலில் நிற்கிறது. எக்ஸ்ரே கவர் மேல் எழுதுகிறேன், வேறு காகிதம் இல்லை.

என் கண்ணில் கோளாறு இல்லை. தொட்டி வளைவு நாலுதான். நான்தான் மூணு என்று கத்தினேன். அது மட்டும் இல்லை. நீ மெதுவாகப் போகட்டும் என்று எல்லா வளைவையும் ஒன்று குறைத்துத்தான் உனக்குச் சொன்னேன். பத்து வருஷமாக. முதல் வருஷம் கார் கவிழ்ந்து உன் தோள் எலும்பு உடைந்து இதே ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அன்றைக்கு உன் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?" அதற்கப்புறம் எழுதியதை எழுதியபடி படிக்க எனக்கு வாய் வரவில்லை.

நீ மட்டும் லேசுப்பட்டவனா? அத்தான் பயந்தாங்கொள்ளி என்று முடிவு பண்ணிவிட்டாய். நான் மூணு என்றால் உன் கால் நாலுக்கு அழுத்தும். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் ஒன்று குறைக்க, நீ ஒன்று கூட்ட, கணக்கு நேராகி வீடு வந்து சேர்ந்தோம். அதனால் வாயைத் திறக்கவில்லை.

புத்தகத்தை அனுப்பும்போது இது என் மரமண்டையில் உறைக்கவில்லை. வாத்தியார் நாலை நாலு என்றே படிப்பார். உன் கால் அஞ்சுக்கு அழுத்தும். உன் புத்திக்கு நான் இப்போது சொல்லிவிட்டேன். உன் காலுக்கு யார் சொல்வது? தொட்டி வளைவுப் பக்கத்தைத் திறந்து பார். முழி பிதுங்கிய முகம் மூன்று வரைந்திருப்பேன்.

என்னைத் திட்டு. என் மூஞ்சியில் முழிக்காதே. நாளைக்கு மட்டும் அந்தக் காரை எடுக்காதே. உன் அக்காவை உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஆகிறது. கண் திறந்ததும் தம்பி எங்கே என்றுதான் கேட்பாள், அதற்கு நான் என்ன

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.


மார்ச் 29

அத்தான்,

எக்ஸ்ரே கவர் நேற்றுக் காலை ஆறரைக்கு வந்தது. எட்டு மணிக்கு ஸ்டார்ட்.

படித்ததும் வந்தது பயம் இல்லை, கோபம்தான். சொன்னதைவிட வேகமாகப் போகிறவன் என்று பத்து வருஷம் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது நீங்கள் எனக்குத் தெரியாமல் ஒதுக்கி வைத்த இடம் என்று இப்போது சொல்கிறீர்கள். கவரைக் கசக்கிப் போட்டேன். வாத்தியார் எடுத்துப் பிரித்துப் படித்தார். பென்சிலை எடுத்து உட்கார்ந்துவிட்டார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வளைவு. ஒவ்வொன்றிலும் ஒன்று கழித்தார். ஏழு ஐம்பதுக்கு நிமிர்ந்து, "ஒன்று இருந்த இடத்தில் எல்லாம் பூஜ்யம் வருதே, அதை என்னன்னு படிக்கிறது?" என்றார்.

"அத்தான் அங்கே 'செத்தோம்'னு சொல்வார்" என்றேன்.

அதையே எழுதிக்கொண்டார். கடைசி வரை அதே செய்தி வாசிப்புக் குரலில், "செத்தோம், இடது. செத்தோம், வலது" என்று படித்தார். நான் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் இல்லை.

தொட்டி வளைவு வந்தது. வாத்தியார் மூணு என்றார். கால் தானாக நாலுக்குப் போனது. கார் பழைய மாதிரியே திரும்பியது. சங்கத்து ஆட்கள் அங்கேதான் நின்றார்கள். கண்ணாடிக் கடைக்காரர், பாதிச் சின்னம் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கூரை மேல் ஏறி நின்று கொடி ஆட்டினார். வெறும் துணி, எழுத்து ஒன்றும் இல்லை. அவர்களைத் தாண்டியதும் காரின் பக்கக் கண்ணாடியில் அந்தப் பள்ளம் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

கீழே இறங்கி டவர் கிடைத்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். குரல் தெளிவாக இருந்தது. முதல் கேள்வியே, "பக்கத்துல யாருடா இருந்தா?" என்றாள்.

"அத்தான்" என்றேன்.

"அவர் இங்க நாற்காலியில வாயைத் திறந்துகிட்டுத் தூங்குறாரே."

"அங்கேயும் இருந்தார்" என்றேன். சிரித்தாள். உடனே வலிக்கிறது என்று என்னைத் திட்டினாள்.

சட்டை விஷயத்தில் நான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. அதை நேரில் வந்து சண்டை போட்டுக்கொள்கிறேன். புத்தகத்தையும் அப்போது கொண்டுவருகிறேன். வாத்தியார் பென்சிலில்தான் எழுதியிருக்கிறார், அழித்துவிடலாம்.

நாலாவதாக வந்தோம். உங்களுக்குத்தான் பழக்கமாயிற்றே, மூணு என்று படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாப்ளே