செல்வி கையில் இருக்கும் நட்டு

மஸ்கட்
சனிக்கிழமை

அன்புள்ள செல்விக்கு,

நான் இங்கே நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அம்மாவின் மூட்டு வலிக்குத் தைலம் வாங்கியிருக்கிறேன். லீவில் வரும் அரியலூர் செந்தில்குமார், இந்தக் கடிதத்தோடு அதையும் செந்துறைக்கே கொண்டுவந்து தருவார்.

நேற்று என் காருக்கு நானே என்ஜின் ஆயில் மாற்றினேன். ஒர்க்‌ஷாப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் லீவு நாளில் ரூமில் எத்தனை நேரம்தான் படுத்துக் கிடப்பது? பழைய ஆயிலை வடித்துவிட்டு ஃபில்டரையும் புதிதாக மாட்டினேன். மேலே புது ஆயிலை ஊற்ற ஊற்ற, அடியில் சலசலவென்று சத்தம். குனிந்து பார்த்தால் அத்தனையும் தரையில் ஓடுகிறது. வடிப்பதற்காகக் கழற்றிய நட்டு என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நம் வாசலில் வேனுக்கு மாற்றும்போது அந்த நட்டை நீதான் உள்ளங்கையில் மூடி வைத்திருப்பாய். "இந்தாங்க, மொதல்ல இதப் போடுங்க, அப்பறம் டின்னத் தரேன்" என்பாய். நேற்றும் ஊற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். எதற்காக நின்றேன் என்று அப்போது தெரியவில்லை.

காருக்கு ஒன்றும் ஆகவில்லை, கவலைப்படாதே. செந்தில்குமார் திரும்பும்போது எலுமிச்சை ஊறுகாயும், உன் பழைய நூல் புடவை ஒன்றும் கொடுத்தனுப்பு. ஆயில் கையைத் துடைக்க இங்கே நல்ல துணி கிடைப்பதில்லை.

வெளியே அவர் ஹாரன் அடிக்கிறார். முடிக்கிறேன்.

ரஞ்சித்குமார்

புடவையைத் துவைத்து அனுப்பாதே. கட்டி அவிழ்த்தபடியே மடித்துக் கொடு.