இடமுள்ள லப்டொப்

இஞ்சாருங்கோ,

பின்னேரம் ஷிப்லி நானா கடையிலிருந்து இரண்டு லப்டொப் கொண்டுவருவார். படங்கள் எடிட் பண்ண வேகமானதுதான் வேண்டும் என்று நேற்றும் சண்டை பிடித்தீர்கள். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, பெரிய ஹார்ட் டிஸ்க் உள்ளதையே எடுங்கள்.

எங்கள் கல்யாணப் படத்திலிருந்து என் தம்பி நிமலனை வெட்டினீர்கள். வெட்டாத படத்தையும் அழித்துவிட்டு, "கொம்பியூட்டரில இடமில்லையப்பா" என்றீர்கள். இனி அந்தச் சாட்டு வேண்டாம். அவன் யுத்தம் நடக்கிற வன்னியில் இருப்பதால், பொலிஸ் செக்கிங்கில் அவன் படம் அகப்படும் என்று பயந்தீர்கள். அதை வாய் திறந்து சொல்லியிருக்கலாம்.

சோறும் மீன் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். நானாவுக்குத் தேத்தண்ணி கொடுங்கள். வெளியே போனால் கதவைப் பூட்டித் திறப்பைக் கீழ்வீட்டில் கொடுங்கள், ஐ.சி. அட்டையை மறக்காதீர்கள்.

தர்சினி

பி.கு.: நான் எங்கே போகிறேன் என்று மேலே எழுதவில்லை. நிமலனிடமிருந்து மாதக்கணக்காகத் தகவல் இல்லை, செஞ்சிலுவைக் கந்தோரில் அவனைத் தேடித் தரச்சொல்லிப் பதியப் போகிறேன். அவனுடைய படம் கேட்பார்களாம். வேறு படம் இல்லாததால் எங்கள் கல்யாணப் படத்தையே கொண்டுபோகிறேன். நீங்கள் வெட்ட மறந்த அவன் கை அதில் என் தோளில் இருக்கிறது.